மணல்மேடு பார்க்கப் போன கூட்டம்

மணலைப் பார்க்க யாராவது பஸ் வைத்துக்கொண்டு போவார்களா என்று திருத்தணியில் சிரிக்காத ஆளில்லை. நந்தியாற்றில் இறங்கினாலே கணுக்கால் புதைய மணல் கிடக்கிறது. ஆனால் கஜபதி விடுவதாக இல்லை. யுத்த காலத்தில் யாரோ ஒரு துரைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு பழவேற்காட்டுப் பக்கம் போயிருந்தானாம். அங்கே ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் பனைமர உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று மணல்மேடுகள் நிற்கின்றனவாம். துரைசானிகள் குடை பிடித்துக்கொண்டு அதில் ஏறி, உச்சியிலிருந்து சறுக்கி விழுந்து சிரித்தார்களாம்.

"அவுங்களே மெட்ராஸ்லேர்ந்து வந்து பார்க்குறாங்கன்னா அதுல இன்னாமோ கீதுன்னுதானே அர்த்தம்?" என்று கடைத்தெருவில் நின்று கேட்டான்.

அது நாற்பத்தாறாம் வருஷம், மாசி மாதம். பள்ளிப்பட்டுக்கும் திருத்தணிக்கும் நடுவே ஓடும் பஸ் ஒன்று கஜபதிக்குச் சொந்தம். யுத்தம் முடிந்ததும், பெட்ரோல் தட்டுப்பாட்டில் பின்னால் கட்டியிருந்த கரிவாயு அடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, மறுபடி பெட்ரோலில் ஓட்ட ஆரம்பித்திருந்தான். தை மாதம்தான் அவனுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. பெண் நகரியிலிருந்து வந்தவள், ஞானம்மாள் என்று பேர். புதுப் பெண்டாட்டி, பெட்ரோலில் ஓடும் பஸ் இரண்டையும் ஊருக்குக் காட்டியாக வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மணல்மேடு பார்க்கப் போவதென்று நாள் குறித்துவிட்டான்.

சுலோச்சனாவுக்குப் போக விருப்பமில்லை. கஜபதி அவளுடைய ஓரகத்தி தாயாரம்மாளின் தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் சுலோச்சனாவின் தங்கை கமலாவைப் பெண் கேட்டிருந்தான். மணவூரிலிருந்த அவள் அப்பா, முடிவு சொல்லுமுன் மூத்த மகளிடம் ஒரு வார்த்தை கேட்டார்.

"வேணாம் நைனா. பஸ்ஸு கிளம்பலைன்னு கிளீனரை ஹாண்டில் கம்பியால அடிச்சான். கீழ விழுந்தப்புறமும் அடிச்சான். என் கண்ணால பார்த்தேன். நம்ம கமலாவை அங்க குடுக்காதீங்க" என்றாள் சுலோச்சனா.

அந்தப் பேச்சு மணவூரோடு நிற்கவில்லை. அதைக் கேள்விப்பட்டு இன்னும் இரண்டு இடங்கள் தட்டிப்போயின. கடைசியில் விஷயம் தெரியாத ஊராகப் பார்த்து, நகரியில் பெண் எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து தாயாரம்மாள் ஒரே வீட்டில் இருந்துகொண்டே சுலோச்சனாவோடு பேசுவதை விட்டாள். உப்பு எங்கே என்று கேட்டால் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வாள். தாயாரம்மாளின் புருஷன் தேசப்பனும், அவர் தம்பியும் சுலோச்சனாவின் புருஷனுமான வேதாசலமும் ஒன்றாகப் பயிரிட்டு ஒன்றாகச் சாப்பிட்டார்கள். பெண்கள் இருவரும் ஒரே அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நீயும் போய்ட்டு வா" என்றான் வேதாசலம். "எல்லாரும் போறப்போ நீ மட்டும் நின்னுட்டா பேச்சு வரும். அண்ணி மனசும் கொஞ்சம் ஆறும்."

"நீங்களும் வாங்க, போலாம்."

"களத்துல நெல்லு கெடக்குது. ஆளுங்களை விட்டுட்டு நான் எங்க வர்றது?"

ஆகவே அவள் தனியாகத்தான் கிளம்பினாள். பஸ்ஸில் ஏறியதுமே தெரிந்துவிட்டது. தாயாரம்மாள் தன் பக்கத்து இடத்தில் சோற்றுக்கூடையைத் தூக்கி வைத்தாள். சுலோச்சனா பின் சீட்டில், குலுக்கலில் தலை கூரையில் இடிக்க இடிக்க, திருவள்ளூர் தாண்டி பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு வரைக்கும் போனாள். யாரும் அவளிடம் வாய் திறக்கவில்லை. ஞானம்மாள் மட்டும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். கஜபதி கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு அதட்டியதும் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏரியைத் தாண்ட இரண்டு படகுகள் பேசி வைத்திருந்தான். அக்கரையில் இறங்கியபோது கேலி பேசிக்கொண்டு வந்தவர்கள்கூட வாயடைத்துப் போனார்கள். அவன் சொன்னதில் பொய்யில்லை. வெயிலில் கண் கூசும் வெள்ளை. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறினாற்போல மேடுகள் வடக்கே போய்க்கொண்டே இருந்தன. காற்று அடிக்கும்போதெல்லாம் உச்சியிலிருந்து மணல் புகை மாதிரி பறந்தது. ஏறி வந்த காலடிகளைத் திரும்பிப் பார்த்தால், பாதி அதற்குள் அழிந்திருந்தது.

கஜபதி பனைமட்டைகள் கொண்டுவந்திருந்தான். அதில் உட்கார்ந்து ஆணும் பெண்ணுமாக மேட்டின் மேலிருந்து சறுக்கினார்கள். தேசப்பன்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு முறை சறுக்கினார். அந்தச் சரிவின் அடியில் மீன்காரக் குடிசைகள் இருந்தன. முன்னால் பாயிலும் பழைய வலையிலும் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. சறுக்கி வந்தவர்கள் தள்ளிய மணல் அதன்மேல் சரசரவென்று விழுந்தது. குடிசையிலிருந்து ஒரு பெண் கையில் துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"கண்ணு இன்னா பொட்டையா? சாப்புடுற பொருள்மேல மண்ணு போடுறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

"மண்ணுக்குப் பட்டா வாங்கி வெச்சிருக்கியா நீ?" என்றான் கஜபதி. மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தத்துக்கு மண்ணு போட்டு மூடுறதே மேலு" என்றதும் கூட்டம் சிரித்தது. இன்னும் இரண்டு பேர் வேண்டுமென்றே அதே சரிவில் சறுக்கினார்கள்.

"வேற பக்கம் போலாமே பாவா" என்று சுலோச்சனா மூத்தார் தேசப்பனிடம் சொன்னாள். அவர் கேட்காதவர் போல் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

பந்தி உட்கார்ந்தபோது தாயாரம்மாள் எல்லோருக்கும் இலை போட்டுப் புளிசோறு வைத்துக்கொண்டே வந்தாள். சுலோச்சனாவைத் தாண்டி அடுத்தவளுக்கு இலை போட்டாள்.

"சின்னவளுக்குப் போடலையே" என்றாள் வயசான ஒருத்தி.

"எங்க சோறு அவங்களுக்கு ஒத்துக்குமா? அடிக்கிற குடும்பமாச்சே. பயந்துகினு சாப்ட்டா நெஞ்சுல சிக்கிக்கும்" என்றாள் தாயாரம்மாள். இரண்டு வருஷத்தில் நேராக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

சிரிப்பு எழுந்தது. சுலோச்சனா எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வடக்கே நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

கால் சுட்டது. ஒரு மேட்டில் ஏறி இறங்கி, இன்னொன்றில் ஏறினாள். மூன்றாவதன் உச்சியில் நின்றபோது ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். கடலை மெட்ராஸில் ஒரே ஒரு முறை, கூட்டத்தின் தோள்களுக்கு நடுவே பார்த்திருக்கிறாள். இங்கே தடுக்க ஒன்றுமில்லை. அலை வந்து உடைவதும், நுரை மணலுக்குள் இறங்கி மறைவதும் காலடியில் நடப்பது போல் தெரிந்தது. மணலில் காற்று வரிவரியாகக் கோடு போட்டிருந்தது. அதில் கையை வைத்தாள். மேலே சுட்ட மணல் விரல்கடை ஆழத்தில் குளிர்ந்திருந்தது. பசியையும் அவமானத்தையும் மறந்து உட்கார்ந்திருந்தாள். இப்படி ஒரு இடத்தை இந்தக் கூட்டத்தோடு வந்தா பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

வெயில் சாய்ந்தபோது எழுந்து ஏரிப்பக்கம் பார்த்தாள். முதல் படகு அக்கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் ஓட ஆரம்பித்தாள். மணலில் எங்கே ஓட முடிகிறது? ஒரு எட்டு வைத்தால் அரை எட்டு பின்னால் இழுத்தது. கடைசி மேட்டின் உச்சிக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது இரண்டாவது படகும் கரையை விட்டுக் கிளம்பியிருந்தது. அதிக தூரம் போகவில்லை. உள்ளே இருப்பவர்களின் முகம் தெரிந்தது.

"அக்கா!" இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். "அக்கா, நிறுத்தச் சொல்லுங்க!"

தாயாரம்மாள் கரையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தி மேட்டைப் பார்த்தாள். சுலோச்சனாவைப் பார்த்தாள். பார்த்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படகில் ஞானம்மாள் எழுந்து நின்று கையை நீட்டி மேட்டைக் காட்டினாள். கஜபதியின் கை அவள் கன்னத்தில் இறங்கியது. சத்தம் கேட்கவில்லை, அவள் பொத்தென்று உட்கார்ந்ததுதான் தெரிந்தது. படகோட்டி கழியை ஊன்றுவதை நிறுத்தித் திரும்பினான். கஜபதி ஏதோ சொன்னதும் மறுபடி ஊன்றித் தள்ளினான்.

சுலோச்சனா சறுக்கி விழுந்து கரைக்கு ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தொண்டை கிழியக் கத்தினாள். காற்று எதிரே அடித்தது. குரல் அவள் பின்னாலேயே போயிற்று.

முதல் படகில் போன தேசப்ப பாவா ஆளை எண்ணிப் பார்ப்பார், படகைத் திருப்பி அனுப்புவார் என்று ஈரப் புடவையோடு கரையில் உட்கார்ந்திருந்தாள். அக்கரையில் பஸ் புறப்பட்ட புழுதி எழுந்து, ரோட்டோடு போய், அடங்கியது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதுவும் ரொம்ப நேரம் இல்லை. பின்னால் நிழல் விழுந்தது. துடைப்பக்காரி நின்றிருந்தாள்.

"இன்னா, உன்னை மட்டும் வுட்டுட்டுப் பூட்டாங்களா?"

"ஆங்."

"நல்லா வேணும்" என்றாள் அவள்.

அவள் பேர் பாஞ்சாலி என்பதைக் குடிசைப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டதில் சுலோச்சனா தெரிந்துகொண்டாள். ஆண்கள் வலையோடு கடலுக்குப் போய்விட்டார்கள், விடியும்வரை அந்தக் கரையில் படகு கிடையாது என்றாள் பாஞ்சாலி.

"ராவுக்கு எங்கனா ஒரு மூலையில இருந்துட்டுப் போறேம்மா."

"இது இன்னா சத்திரமா? வந்தீங்க, குதிச்சீங்க, சிரிச்சீங்க. ஒரு வாரத்து மீனு பாழு. மூக்கைப் பொத்துனவங்களுக்கு இங்க மூலை கேக்குதா?"

"நான் சறுக்கலை."

"உன் ஜனம்தானே சறுக்குச்சு?"

பாஞ்சாலி ஒரு முறத்தை எடுத்து அவள் காலடியில் எறிந்தாள். "வெளிச்சம் போறதுக்குள்ள அத்தினியும் புடைச்சு, அலசி, திருப்பிப் போடு. அப்பால பார்க்கலாம்."

அவள் புடைத்தாள். நெத்திலியைக் கூடை கூடையாகக் கடலுக்குச் சுமந்து அலசினாள். முள் குத்தி விரல் நுனியெல்லாம் எரிந்தது. மணல் அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. பாஞ்சாலி ஒரு மீனைக் கிள்ளி வாயில் போட்டுக் கடித்து, "நெறநெறங்குது. மறுபடி அலசு" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள். இருட்டியதும் ஒரு சட்டியில் கஞ்சியும், சுட்ட கருவாடும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள். வாசலில் பாய் கிடந்தது.

விடிந்ததும் மீன் கூடைகளோடு ஒரு படகு பழவேற்காட்டுக்குக் கிளம்பியது. பாஞ்சாலிதான் அதில் இடம் சொல்லி ஏற்றிவிட்டாள்.

"புண்ணியமாப் போவும்மா" என்றாள் சுலோச்சனா.

"புண்ணியமும் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்க ஊரு ஆளுங்க எவனும் இனிமே இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு போய்ச் சொல்லு."

பொன்னேரி வரைக்கும் மீன் வண்டி, அங்கிருந்து ரயில், பேசின் பிரிட்ஜில் இறங்கி இன்னொரு ரயில். முந்தியில் முடிந்திருந்த சில்லறை அதற்குப் போதுமாக இருந்தது. அவள்மீது அடித்த மீன் வாடைக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போனார்கள். மணவூரில் ரயில் நின்றது. இறங்கினால் அப்பா வீடு. ஜன்னலில் அந்தக் கிராமத்துப் புளியமரங்களைப் பார்த்தாள். இறங்கி நடந்துவிடலாம் என்று கால் சொன்னது. இறங்கினால் ஓடிப்போனவள் என்றுதான் பேர் நிற்கும். வண்டி நகரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ வீட்டு வாசலுக்கு வந்தபோது தாயாரம்மாள் முறத்தோடு நின்றிருந்தாள். ஒரு நொடி அவள் முகம் வெளுத்தது. அப்புறம் தெருவுக்கே கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள்.

"எவன் வூட்ல தங்கிட்டு வர்றே?"

சுலோச்சனா உள்ளே நுழையவில்லை. தெருவிலேயே நின்றாள். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. தேசப்பன் வெளியே வந்து, "பொன்னேரியிலேர்ந்து உன் சித்தி மவன் மணல்மேட்டுக்கே வந்து கூப்ட்டான், அவனோட போய்ட்டேன்னு தாயாரு சொன்னாளே" என்று இழுத்தார்.

"எனக்குச் சித்தி பொன்னேரியில இருக்கறாங்க, பாவா. ஆனா நான் அங்க போவலை. யாரும் வந்து என்னைக் கூப்பிடவும் இல்லை."

"அதைத்தான் நானும் கேக்குறேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வேதாசலம் நின்றிருந்தான். அதிகாலை ரயிலில் பொன்னேரிக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். கண் சிவந்திருந்தது. "சித்தி வூட்டுக்கு நீ வரவே இல்லைன்னுட்டாங்க. ராத்திரி எங்க இருந்தே?"

அவன் கேட்ட விதம்தான் அவளைக் குத்தியது. படகு போனபோதுகூட அப்படி வலிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அக்கா பார்த்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்றாள்.

"அண்ணி அப்பிடிச் செய்வாங்களா?" என்றான் அவன். கேட்டது யாரை என்று அவனுக்கே தெரியாதது போலிருந்தது.

"வெயில்ல எனக்குக் கண்ணு தெரியலை. படகுல ஏறிட்டான்னு நெனைச்சேன்" என்றாள் தாயாரம்மாள்.

"அப்போ சித்தி மவன் எங்கேர்ந்து வந்தான் அக்கா?"

சுலோச்சனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள். வேதாசலம், தேசப்பன், தாயாரம்மாள், பாதித் தெரு எல்லாம் பின்னால் வந்தது. கஜபதி வீட்டு வாசலில் பஸ் நின்றது. அவன் பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்திருந்தான். ஞானம்மாள் தண்ணீர்க் குடத்தோடு படியில் நின்றாள்.

"ஞானம்மா, நேத்து படகுல எழுந்து நின்னு கையைக் காட்டினியே. எதைக் காட்டினே? இவங்க எல்லார் எதிர்லயும் சொல்லு."

"உள்ள போடீ" என்றான் கஜபதி, நிமிர்ந்து.

அந்தப் பெண் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிப் படியில் வைத்தாள். இடது கன்னத்தில் விரல் பதிந்த வீக்கம் மஞ்சள் பூச்சையும் மீறித் தெரிந்தது. புருஷனைப் பார்த்தாள், வதினெ என்று அவள் கூப்பிடும் நாத்தனார் தாயாரம்மாளைப் பார்த்தாள். சொல்ல மாட்டாள் என்றே சுலோச்சனா நினைத்தாள். அவளுக்கு இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

"அக்கா மேட்டுமேல நின்னுகினு கையாட்டுறாங்க, படகைத் திருப்புங்கன்னு சொன்னேன்" என்றாள் ஞானம்மாள். குரல் மெல்லிசாக இருந்தது, ஆனால் நிற்கவில்லை. "வதினெயும் பார்த்தாங்க. கெடக்கட்டும், ஒரு ராத்திரி வெளியில கெடந்தா ஊரு அவளைப் பத்திப் பேசட்டும்னு சொன்னாங்க. இவரு என்னை அறைஞ்சாரு."

கஜபதி கையில் ஸ்பானரோடு படியேறினான். வேதாசலம் குறுக்கே போய் நின்றான். அவ்வளவு நேரம் பெண்டாட்டியைச் சந்தேகித்தவன், இப்போது அந்த வெட்கத்தையெல்லாம் சேர்த்து கஜபதியின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். ஸ்பானர் கல்லில் விழுந்தது. தேசப்பன் வந்து இருவரையும் பிரித்தார்.

தாயாரம்மாள் அழவில்லை. "ஆமா, பார்த்தேன்" என்றாள், சுலோச்சனாவின் முகத்துக்கு நேரே. "பார்த்துட்டுத்தான் வந்தேன். என் தம்பி பேரை ஊரெல்லாம் நாற அடிச்சியே, அப்போ எனக்கு எப்பிடி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியணும்னுதான்."

"உங்க தம்பி பேரை நான் கெடுக்கலை அக்கா. அந்தப் பொண்ணு கன்னத்தைப் பாருங்க."

தாயாரம்மாள் பார்க்கவில்லை. திரும்பி நடந்தாள்.

அதற்குப் பிறகு ஒரே அடுப்பு சாத்தியமில்லை என்று அண்ணன் தம்பி இருவருக்குமே புரிந்தது. தேசப்பன் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு நிலத்தைப் பிரித்தார். வீட்டின் நடுக்கூடத்தில் சுவர் எழும்பியது. வேதாசலம் சுலோச்சனாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கத் தெரியாதவன். அவனே மண் குழைத்துப் புறக்கடையில் அடுப்பு போட்டுக் கொடுத்தான். அவள் அவனோடு நாலைந்து நாள் பேசவில்லை. பிறகு பேசினாள், தேவைக்கு. ராத்திரி எங்கே இருந்தாய் என்று அவன் கேட்டதை மறந்துவிட்டாளா என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

சுவர் காய்ந்து, புது அடுப்பில் முதல் உலை வைத்த அன்று நகரியிலிருந்து ஞானம்மாளின் அப்பா கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. யாரோடும் பேசாமல் மகளின் பெட்டியை வண்டியில் ஏற்றி, மகளையும் ஏற்றிக்கொண்டு போனார். கஜபதி வண்டியை மறிக்கப் பார்த்தான். அவரோடு வந்திருந்தவர்களைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டான். அந்தக் கோபத்தோடு நேராக சுலோச்சனாவின் வாசலுக்கு வந்தான்.

"என் குடும்பத்தை இன்னொரு வாட்டி கெடுத்துட்டே இல்ல? வெளிய வாமே! வந்து பதில் சொல்லு!"

சுவருக்கு அந்தப் பக்கம் தாயாரம்மாளும் சேர்ந்து திட்ட ஆரம்பித்தாள். ஒரு குரல் தெருவிலிருந்து, ஒரு குரல் சுவர் வழியாக. வேதாசலம் கழியை எடுத்தான்.

"உக்காருங்க" என்றாள் சுலோச்சனா.

அவள் தெருக்கதவுக்குப் போய், இரண்டு கதவையும் அகலமாகத் திறந்து வைத்தாள். "கத்து கஜபதி. நல்லா சத்தமா கத்து. நீ எப்பேர்ப்பட்டவன்னு தெரியாதவங்க இன்னும் இந்தத் தெருவுல நாலு பேர் இருக்கறாங்க."

திரும்பி வந்து உலையில் அரிசியைப் போட்டாள். வெளியே அவன் கத்திக்கொண்டே இருந்தான்.